மறுத்துச் சொன்னவர் என்ன ஆனார்? நிறுவன அறமும் ஊழியர் பற்றும்

2008 நவம்பர் 26 இரவு மும்பை தாஜ்மகால் ஹோட்டலுக்குள் துப்பாக்கிக்காரர்கள் நுழைந்தபோது, அங்கே வேலை பார்த்தவர்களுக்குப் பின்வாசல்கள் அத்தனையும் தெரியும். விருந்தினருக்குத் தெரியாது. சமையற்காரர்களும் பரிமாறுகிறவர்களும் விருந்தினரை முன்னே அனுப்பிவிட்டுத் தாங்கள் பின்னே நின்றார்கள். பத்திரமாக வெளியே கொண்டுவரப்பட்ட டெலிபோன் ஆபரேட்டர்கள் தாமாகவே திரும்பி உள்ளே போய், அறை அறையாகப் போன் போட்டு, வெளியே வராதீர்கள் என்று சொன்னார்கள். 1,200 முதல் 1,500 பேர் வரை தப்பினார்கள். ஊழியர்களில் 11 பேர் இறந்தார்கள்.

ஆறே வாரத்தில், 2009 ஜனவரி 7 அன்று, ஐதராபாத்தில் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். வங்கியில் இருப்பதாகக் கணக்குக் காட்டிய பணத்தில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லவே இல்லை என்பது அதன் சாரம். 50,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களில் பலர் அதைச் செய்திகளில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். முந்தைய ஆண்டுதான் நல்ல நிர்வாகத்துக்காக அந்த நிறுவனம் விருது வாங்கியிருந்தது. மோசடி வெளிவந்த பிறகு விருதைத் திரும்பப் பெற்றார்கள்.

அறவழியில் நடக்கும் நிறுவனத்துக்கு ஊழியர்களின் பற்று கிடைக்குமா என்பது மேலாண்மைத் துறையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி. கிடைக்கும் என்றே பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. அந்த விடையை நான் ஏற்கிறேன். ஆனால் எதை அறம் என்று எண்ணினார்கள், எதைப் பற்று என்று அளந்தார்கள், யாரை ஊழியர் என்று கணக்கில் சேர்த்தார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது, ஆய்வுகள் போதிய அக்கறை காட்டாத ஓர் இடம் தெரிகிறது. நிறுவனத்திடமே ‘இது சரியில்லை’ என்று சொல்ல ஊழியருக்கு வழி இருக்கிறதா என்பதுதான் அது. என் பார்வையில் மற்ற எல்லாம் அதைப் பொறுத்தே அமைகின்றன.

பற்றிலிருந்து தொடங்கலாம். ஹோவர்ட் பெக்கர் 1960-இல் எழுதிய கட்டுரையில், ஒருவர் ஒரே இடத்தில் தொடர்வதற்குக் காரணம் அவர் அங்கே போட்டுவைத்த முதலீடுகள்தான் என்றார்: சீனியாரிட்டி, ஓய்வூதியம், பழகிய மனிதர்கள், குடியிருக்கும் வீடு. 1970-களில் லைமன் போர்ட்டர், ரிச்சர்ட் மவ்டே, ரிச்சர்ட் ஸ்டியர்ஸ் மூவரும் வேறு பக்கத்திலிருந்து பார்த்தார்கள். நிறுவனத்தின் நோக்கத்தைத் தன்னுடையதாக ஏற்பது, அதற்காகக் கூடுதலாக உழைக்க முன்வருவது, அங்கேயே இருக்க விரும்புவது என்ற மன நெருக்கத்தையே அவர்கள் பற்று என்று அளந்தார்கள். கனடாவைச் சேர்ந்த ஜான் மேயர், நாட்டலி ஆலன் இருவரும் 1991-இல் இவற்றையெல்லாம் சேர்த்து மூன்றாகப் பிரித்தார்கள். கேன்டீன் பேச்சில் சொன்னால், ‘இங்கே இருக்கப் பிடித்திருக்கிறது’ என்பது முதலாவது. ‘விட்டால் நஷ்டம்’ இரண்டாவது. ‘இத்தனை செய்தவர்களை விட்டுப் போவது முறையில்லை’ மூன்றாவது.

இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால் நடைமுறையில் பெரிய தீங்கு விளைகிறது. நாலரை வருஷம் ஆகிவிட்டது, இன்னும் ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் கிராஜுவிட்டி கைக்கு வரும் என்று இருப்பவரும், காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே முகம் மலர்பவரும் ஹெச்.ஆர். அறிக்கையில் ஒரே எண்ணாகத்தான் தெரிவார்கள். இருவருமே வேலையை விடவில்லை. மேயரும் சகாக்களும் 2002-இல் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வருகை, வேலைத்தரம், கேட்காமலே கைகொடுப்பது போன்ற நல்ல விளைவுகளோடு வலுவாகச் சேர்ந்து வந்தது முதல் வகைப் பற்று மட்டுமே. ‘விட்டால் நஷ்டம்’ என்ற வகைக்கும் நல்ல வேலைக்கும் தொடர்பே தெரியவில்லை. சில இடங்களில் அது எதிர்த்திசையில்கூடப் போனது.

தமிழ்நாட்டுப் பஞ்சாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். பதின்பருவப் பெண்களை ஹாஸ்டலில் தங்கவைத்து, மூன்று ஆண்டு முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லி வேலைக்கு எடுத்தார்கள். இடையில் போனால் அந்தப் பணம் கிடைக்காது. வெளியே போக அனுமதி கிடையாது, வீட்டோடு பேசக் கட்டுப்பாடு, உடம்பு கெட்டாலும் ஷிப்ட் என்று அந்தப் பெண்கள் சொன்னவை செய்திகளாகவும் வழக்குகளாகவும் பதிவாகியுள்ளன. அப்படி ஒரு மில்லில் போய் வேலையை விட்டவர்கள் விகிதத்தை எடுத்தால் எண் மிக அழகாக இருக்கும். அந்த எண்ணைப் பற்று என்று எழுதுபவர் அந்தப் பெண்களுக்குத் துரோகம் செய்கிறார். விலகுவோர் விகிதத்தை மட்டும் வைத்து ஊழியர் பற்றைப் பேசும் எந்த ஆண்டறிக்கையையும் நான் நம்பத் தயாரில்லை.

இனி அறத்தின் பக்கம். முதலாளி நல்லவரா என்பதை எப்படி அளப்பது? 2005-இல் மைக்கேல் பிரவுன், லிண்டா ட்ரெவினோ, டேவிட் ஹாரிசன் மூவரும் பத்து வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலைத் தந்தார்கள். ஊழியர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறாரா, நெறி மீறியவர்மேல் நடவடிக்கை எடுக்கிறாரா, நியாயமாக முடிவெடுக்கிறாரா, பலனை மட்டும் பார்க்காமல் அது வந்த வழியையும் பார்க்கிறாரா என்று அது கேட்கும். இன்றுவரை இத்துறையில் வரும் ஆய்வுகளில் பெரும்பாலானவை இதையே பயன்படுத்துகின்றன. ட்ரெவினோ இதற்கு முன்பே ஓர் அருமையான வேறுபாட்டைக் காட்டியிருந்தார்: தனிமனிதராக நல்லவராக இருப்பது ஒன்று, நல்ல மேலாளராக இருப்பது இன்னொன்று. நம் அலுவலகங்களில் ‘சார் தங்கமான மனுஷர்’ என்று எல்லோரும் சொல்லும் ஒருவர் இருப்பார். அவர் லஞ்சம் வாங்க மாட்டார், குரல் உயர்த்த மாட்டார். ஆனால் அவருக்குக் கீழே ஒருவன் பொய் பில் போடுவதைப் பார்த்தும் ஒன்றும் சொல்ல மாட்டார். ஊழியர்கள் அவரை மதிப்பார்கள்; நிறுவனத்தை நம்ப மாட்டார்கள்.

2009-இல் டேவிட் மேயரும் சகாக்களும் செய்த ஆய்வு இதன் அடுத்த படி. உச்சியில் இருப்பவரின் நடத்தை கீழே உள்ளவருக்கு நேராக வந்து சேர்வதில்லை, நடுவில் இருக்கும் சூப்பர்வைசர் வழியாகத்தான் இறங்குகிறது என்று அவர்கள் காட்டினார்கள். லைனில் நிற்கிறவருக்கு எம்.டி. என்பவர் சுவரில் மாட்டிய படம். அவருக்கு நிறுவனம் என்றால் லீவு கேட்டால் முறைக்கிற, அல்லது முறைக்காத, அந்த ஒரு சூப்பர்வைசர்தான்.

இந்த ஆய்வுகளின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். பெரும்பாலானவற்றில் ஒரே ஊழியர் ஒரே நாளில் ஒரே தாளில், மேலாளர் நியாயமானவரா என்பதற்கும் தனக்கு நிறுவனத்தின்மேல் பற்று உண்டா என்பதற்கும் டிக் அடிக்கிறார். அன்று மனநிலை நன்றாக இருந்தால் இரண்டுமே உயரும். தாளை வாங்கிப் போவது ஹெச்.ஆர். துறை என்றால், பேர் எழுத வேண்டாம் என்று எத்தனை தரம் சொன்னாலும் கை தயங்கும். நம் பல்கலைக்கழக எம்.பி.ஏ., முனைவர் பட்ட ஆய்வேடுகளில் இதே வினாத்தாள் இடமும் துறையும் மாறி மாறித் திரும்பத் திரும்ப நிரப்பப்படுகிறது. அதனால் அறத்துக்கும் பற்றுக்கும் தொடர்பு உண்டு என்பது உறுதிப்பட்டுக்கொண்டே போகிறது. எது எதை உண்டாக்குகிறது என்பது மட்டும் தெளிவாகாமலே நிற்கிறது.

அதனாலேயே ஜெரால்டு கிரீன்பெர்க் 1990-இல் வெளியிட்ட ஆய்வை நான் பெரிதாக மதிக்கிறேன். அமெரிக்காவில் ஒரே நிறுவனத்தின் மூன்று ஆலைகள். ஒப்பந்தங்கள் கைநழுவிப் போனதால் இரண்டு ஆலைகளில் பத்து வாரத்துக்கு 15 விழுக்காடு சம்பளக் குறைப்பு. மூன்றாவதில் குறைப்பு இல்லை. குறைக்கப்பட்ட இரண்டில் ஓர் ஆலைக்கு நிறுவனத் தலைவரே வந்தார். ஏன் இந்த நிலை, வேறு என்னென்ன வழிகளை யோசித்தோம், யாரையும் வேலையைவிட்டு அனுப்பாமல் இருக்க ஏன் இதைத் தேர்ந்தோம் என்று கணக்குகளைக் காட்டி விளக்கினார், வருத்தம் தெரிவித்தார், நெடுநேரம் இருந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னார். இன்னோர் ஆலையில் அறிவிப்பு சில நிமிடத்தில் முடிந்தது. காரணம் என்று பெரிதாக எதுவும் சொல்லப்படவில்லை. கிரீன்பெர்க் வினாத்தாளை மட்டும் நம்பவில்லை, ஆலைகளில் காணாமல்போன பொருள்களின் கணக்கை எடுத்தார். சம்பளம் குறைந்த இரு ஆலைகளிலும் திருட்டு கூடியது. விளக்கம் கிடைக்காத ஆலையில் அது மிக அதிகமாகக் கூடியது, வேலையை விட்டுப் போனவர்களும் அங்கேதான் அதிகம். சம்பளம் பழையபடி ஆனதும் திருட்டும் இறங்கிவிட்டது.

இரு ஆலைக்காரர்களுக்கும் வெட்டு ஒன்றுதான், வீட்டில் விழுந்த துண்டும் ஒன்றுதான். ஒருவருக்கு எதிரே உட்கார்ந்து பதில் சொன்னார்கள், இன்னொருவருக்குச் சொல்லவில்லை. மனிதர்கள் இழப்பைப் பொறுத்துக்கொள்கிறார்கள். தம்மைப் பொருட்டாக மதிக்காததைப் பொறுக்க மாட்டார்கள்.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நடந்ததை இதோடு வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த ஒரு ஹாஸ்டலில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கூட வேலை பார்த்த தோழிகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று மற்றவர்களுக்குச் சரியான தகவல் வரவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். சில ஹாஸ்டல்களும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிள் பிறகு ஒப்புக்கொண்டது. மூடிய ஆலை ஜனவரியில்தான் திறந்தது. ஹாஸ்டலின் தரம் என்பது பல நாளாகச் சேர்ந்த குறை. அந்த இரவு அவர்களைச் சாலைக்குக் கொண்டுவந்தது, கேட்டதற்குப் பதில் சொல்ல ஆள் இல்லை என்பது.

எழுதிவைத்த நெறிமுறைகள் எவ்வளவு தூரம் உதவும்? வெல்ஸ் ஃபார்கோ வங்கியிடம் நெறிமுறைக் கையேடு இருந்தது, புகார் சொல்லத் தொலைபேசி எண்ணும் இருந்தது. கூடவே ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எட்டு கணக்குகளோ திட்டங்களோ விற்றாக வேண்டும் என்ற டார்கெட்டும் இருந்தது. கிளைகளில் இருந்தவர்கள் டார்கெட்டைத்தான் வங்கியின் உண்மையான குரல் என்று புரிந்துகொண்டார்கள். வாடிக்கையாளருக்குத் தெரியாமலே சுமார் 20 லட்சம் கணக்குகள் திறக்கப்பட்டிருக்கலாம் என்று 2016 செப்டம்பரில் வெளியானது. 18.5 கோடி டாலர் அபராதம். அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் 5,300 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். தவறைச் சுட்டிக்காட்டியதால் வேலை இழந்த ஒரு மேலாளரைத் திரும்பச் சேர்த்து 54 லட்சம் டாலர் கொடுக்கும்படி 2017-இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை உத்தரவிட்டது. கையேட்டைப் படித்து யாரும் நிறுவனத்தைப் புரிந்துகொள்வதில்லை. பக்கத்து சீட்டுக்காரர் வாயைத் திறந்த பிறகு அவருக்கு என்ன நடந்தது என்பதைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார்கள்.

பற்றுக்கு இன்னொரு முகமும் உண்டு. எலிசபெத் அம்ஃப்ரெஸ், ஜான் பிங்கம் முதலியோர் 2010 முதல் எழுதிய கட்டுரைகள், நிறுவனத்தின்மேல் பாசம் வைத்தவர்களே நிறுவனத்துக்காகத் தவறு செய்யக்கூடும் என்று காட்டின. தனக்கு ஒரு பைசா லாபம் இல்லாமல், கம்பெனி பெயர் கெட்டுவிடக் கூடாதே என்று சோதனை முடிவை மறைப்பவரும், வாடிக்கையாளரிடம் குறையைச் சொல்லாமல் விடுபவரும் இந்த வகை. அதனால் பற்றைக் கூட்டுவது எப்படி என்று மட்டும் கேட்கும் ஆய்வு எனக்கு அச்சம் தருகிறது. ரான்பாக்ஸி மருந்து நிறுவனத்தில் தரவுகள் புனையப்படுவதைக் கண்டுபிடித்த தினேஷ் தாக்கூர் 2005-இல் வேலையை விட்டார். அவர் அமெரிக்க அதிகாரிகளிடம் கொண்டுபோன விவகாரத்தில், 2013-இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டியது. எந்த வினாத்தாளில் அளந்தாலும் அவர் ‘பற்றில்லாமல் விலகியவர்’ என்றுதான் பதிவாவார். அந்த மாத்திரைகளை விழுங்கப்போகும் நோயாளிகள்மேல் அங்கே அவரளவு அக்கறை வைத்தவர்கள் குறைவு.

இதை வைத்துத் தாஜ் ஹோட்டலுக்குத் திரும்பப் போனால் ஒரு விஷயம் துலங்குகிறது. 2011-இல் ரோஹித் தேஷ்பாண்டேயும் அஞ்சலி ரைனாவும் அந்த இரவைப் பற்றி எழுதிய கட்டுரையில், அந்த நிறுவனம் சிறு நகரங்களிலிருந்து ஆள் எடுப்பதையும், மற்றவர்கள் 12 மாதம் பயிற்சி தரும்போது 18 மாதம் தருவதையும், பாராட்டை உடனுக்குடன் சொல்வதையும் காரணமாகக் காட்டினார்கள். அவர்கள் சொன்னவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று: விருந்தினர் முன்னால் நிறுவனத்துக்காகப் பேசாதே, நிறுவனத்திடம் விருந்தினருக்காகப் பேசு என்பதே அங்கே பயிற்சி. அவர்கள் வளர்த்தது கம்பெனிமேல் உள்ள பற்றைவிட, கம்பெனி யாருக்காக இருக்கிறதோ அவர்கள்மேல் உள்ள பற்று. நடந்து முடிந்த வீரத்துக்குப் பின்னால் போய்க் காரணம் தேடுவதில் ஆபத்து உண்டு என்பதை மறக்காமலே இதைச் சொல்கிறேன்.

தாஜ் ஹோட்டலை நடத்தும் டாடாவைப் பற்றிப் பேசும்போது முழுவதையும் பேச வேண்டும். ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலையில் 1912-லேயே எட்டு மணி நேர வேலை வந்தது. 1920-இல் சம்பளத்தோடு விடுப்பும் சேமநல நிதியும் வந்தன. சட்டம் கேட்பதற்குப் பல ஆண்டு முன்னால் இவையெல்லாம் நடந்தன. ஆனால் அதே 1920-இல் அங்கே வேலைநிறுத்தம், 1922-இல் மீண்டும், 1928-இல் பெரிய வேலைநிறுத்தம், சுபாஷ் சந்திர போஸ் தொழிற்சங்கத் தலைவரானார். சென்னையில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளிலும் இதே கதைதான். பள்ளிக்கூடம், குடியிருப்பு என்று நலத்திட்டங்களுக்குப் பேர்போன நிர்வாகம் அது. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியா தலைமையில், திரு.வி.க. துணையோடு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த ஆலைகளின் தொழிலாளர்களிடமிருந்துதான். மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது அவர்களின் முதல் குறைகளில் ஒன்று. 1921-இல் அங்கே வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. 2024 செப்டம்பர், அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 37 நாள் நடந்த போராட்டத்தின் மையமும் சங்கத்துக்கு அங்கீகாரம் என்பதே; அப்பகுதியின் மற்ற ஆலைகளைவிடத் தான் கூடுதலாகச் சம்பளம் தருவதாக நிறுவனம் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய சிறு நூல் இதை விளங்கவைக்கிறது. நிறுவனம் கெடும்போது உள்ளே இருப்பவர் ஒன்று விலகுவார், அல்லது குரல் கொடுப்பார். பற்று இருப்பவர் உடனே விலக மாட்டார், முதலில் குரல் கொடுப்பார். அப்படியானால் குரலெழுப்புவதே பற்றின் அடையாளம். நம் நிர்வாகங்கள் பலவும் இதைத் தலைகீழாகப் படிக்கின்றன. சங்கம் கேட்பவரை நன்றி கெட்டவர் என்கின்றன, வாய் திறக்காமல் பேப்பர் போட்டுவிட்டுப் போகிறவருக்கு நல்ல நடத்தைச் சான்றிதழ் கொடுக்கின்றன.

சட்டம் ஓரளவு உதவுகிறது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்களில் முறைகேட்டைச் சொல்ல ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்கிறது. அதே ஆண்டின் இன்னொரு சட்டம் பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பாலியல் புகார்களுக்கு உள்ளகக் குழு கேட்கிறது. குழுவின் பெயர்ப்பட்டியல் சுவரில் இருக்கும். அதில் இருக்கும் கைப்பேசி எண்ணுக்கு அடித்தால் எடுக்கிறார்களா என்பது இடத்துக்கு இடம் வேறுபடும்.

சட்டம் நேராகத் தொட்ட ஒரு சின்ன விஷயம் என் மனத்துக்கு மிக நெருக்கமானது. ஜவுளிக்கடைகளில் விற்பனைப் பெண்கள் காலை கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும்வரை நின்றுகொண்டே இருப்பார்கள். வாடிக்கையாளர் இல்லாத மதிய நேரத்திலும் உட்காரக் கூடாது. கால் வீக்கம், நரம்புச் சுருட்டு, மாதவிடாய் நாள்களின் வலி எல்லாவற்றோடும் நிற்பார்கள். ரேக்கில் லேசாகச் சாய்ந்தால் ஃப்ளோர் மேனேஜர் பார்வை வரும். 2018-இல் கேரளமும் 2021-இல் தமிழ்நாடும் கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தின. அதன் பிறகு நான் சேலை எடுக்கப் போகும்போதெல்லாம் கவுன்டருக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறேன். ஸ்டூல் இருக்கிறது. பல கடைகளில் அதன்மேல் பிரிக்காத பண்டல் இருக்கிறது. கேட்டால், ‘உட்காரலாம்க்கா, யாரும் உட்கார மாட்டோம்’ என்று மெதுவாகச் சொல்கிறார்கள். அந்த ஸ்டூலில் முதலில் ஒரு ஃப்ளோர் மேனேஜர் உட்கார்ந்து காட்டினால் அந்தக் கடையில் பத்துப் பயிலரங்கு செய்ய முடியாத வேலை நடந்துவிடும்.

கடைசியாக, யார் ஊழியர்? பற்றைப் பற்றிய ஆய்வுகள் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவரோடு நின்றுவிடுகின்றன. அறத்தின் எல்லை அவ்வளவுதானா? கலிங்கநகரில் டாடா எஃகு ஆலைக்கான நிலத்தில் 2006 ஜனவரியில் போராடிய பழங்குடியினரில் பத்துக்கு மேற்பட்டோர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். எட்டு மணி நேர வேலையை 1912-இல் தந்த அதே பெயரின்மேல் அந்தக் கறையும் இருக்கிறது. ஆலைக்குள்ளேயே பார்த்தாலும், நிரந்தர ஊழியர் பக்கத்தில் அதே வேலையைப் பாதிச் சம்பளத்துக்குச் செய்யும் கான்ட்ராக்ட் தொழிலாளியிடம் ஆய்வாளர்கள் அரிதாகவே தாள் நீட்டுகிறார்கள். அவருக்கு யார் முதலாளி என்பதே குழப்பம்: வேலை வாங்குவது ஆலை, சம்பளம் போடுவது ஏஜென்சி, தங்குமிடம் வேறொருவருடையது.

திருப்பூரிலும் ஒரகடத்திலும் இன்று தையல் மெஷினிலும் அசெம்பிளி லைனிலும் இருப்பவர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். நம் வினாத்தாள்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, மிஞ்சினால் தமிழில். ஒடியாவிலும் இந்தியிலும் தாள் தயாரித்து, ஹெச்.ஆர். அறையை விட்டு வெளியே வந்து, ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தங்கும் அறைகளுக்குப் போய், சூப்பர்வைசர் இல்லாத நேரத்தில் கேட்க வேண்டும். போன தடவை இங்கே ஒருவர் முடியாது என்று சொன்னாரே, அவர் இன்னும் வேலையில் இருக்கிறாரா என்பதை முதல் கேள்வியாக வைக்கலாம்.